தானே

பூடோவில் ஜனவரி. காலை பத்துக்குத்தான்
ஜன்னல் நீலமாகிறது, மூன்றுக்கெல்லாம் அணைந்துவிடுகிறது.
காவல் நிலையத்தின் இரண்டாம் மாடியில்
பன்னிரண்டு துப்பறிவாளர்கள், ஒரு காபிக் குடுவை.
எங்களுக்குப் பேசாமலிருக்கக் கற்றுத்தர
ஒஸ்லோவிலிருந்து வந்திருக்கிறாள் இங்வில்.
என் மகளைவிட இரண்டு வயதுதான் கூட.

முதல் நாள் அவள் என்னிடமிருந்து பிடுங்கியது
ஒரேயொரு சின்னச் சொல்.
கார் சிவப்புதானே?
கதவு திறந்துதானே கிடந்தது?
அன்றைக்கு நீ குடித்திருந்தாய்தானே?
இருபத்திரண்டு வருஷம் இந்தத் தானேயின் மேல்
சாய்ந்து உட்கார்ந்து சம்பளம் வாங்கியவன் நான்.
சாயங்காலம் முதுகு வலித்தது.

மறுநாள் ஓட்வார் வந்தார், நாடக நடிகர்,
கொள்ளையடிக்கப்பட்ட மருந்துக்கடைக்காரராக.
"கண்ணை மூடிக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் வேண்டாம்.
உங்களுக்குத் தோன்றுகிற வரிசையிலேயே சொல்லுங்கள்."
மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டுக் காத்திருந்தேன்.
ஏழாவது விநாடியில் என் முழங்கால் ஆடியது.
ஒன்பதாவதில் ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டேன்.
இங்வில் தாளில் ஒரு கோடு இழுத்தாள்.
"அடுத்த வாக்கியத்துக்குள் அவர் ஒரு காலை வைத்திருந்தார்" என்றாள்.
"நீங்கள் கதவைச் சாத்திவிட்டீர்கள்."

மூன்றாம் நாள், அவரவர் பழைய ஒளிநாடா.
என்னுடையது 2006. எரிந்துபோன படகுக் கொட்டகை.
திரையில் எனக்கு நிறைய முடி.
எதிரே யோஸ்டெய்ன், பத்தொன்பது வயது,
சட்டைக் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு.
நாற்பத்தொரு நிமிஷம். நான் கேட்டது நூற்றுப் பன்னிரண்டு.
அவன் முடித்த வாக்கியங்கள் ஒன்பது.
பதினேழாம் நிமிஷத்தில்,
"கொட்டகைச் சாவி அன்றைக்கு என்..."
"சாவியைப் பற்றி இப்போது யார் கேட்டது?"
இது நான். மேஜையில் ஒரு தட்டு வேறு.

இங்வில் படத்தை நிறுத்தினாள்.
திறந்த வாயோடு அவன் திரையில் நின்றான்.
என் பையிலா? என் அண்ணனிடமா?
என் கையில் இல்லவே இல்லையா?
யாரும் எதுவும் சொல்லவில்லை.
அறையில் பன்னிரண்டு பேருக்கும்
மௌனம் அப்போது நன்றாகவே வந்தது.

முப்பத்தெட்டாம் நிமிஷத்தில் அவன் ஒப்புக்கொண்டான்.
அன்று நாங்கள் கேக் வெட்டினோம்.
பதினான்கு மாதம் உள்ளே இருந்தான்.
கொளுத்தியது அவனாகவே இருக்கலாம்.
அதுதான் தொல்லை.
இருக்கலாம் என்பதற்கு அப்பால்
அந்த நாடா இனி ஒரு அடி நகராது.

மார்ச்சில் நடிகரில்லை.
மீன் ஆலையில் இரவு வேலை பார்க்கும் ஜிவிலே,
லித்துவேனியாக்காரி, கழுத்தில் கைத்தடங்கள்.
தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரின் மூச்சு.
"நான் அங்கே இல்லை. எனக்கு எதுவும் தெரியாது.
நீங்கள் இருந்தீர்கள்" என்றேன்.
ஒன்பது போயிற்று. பதினைந்து.
சூடேற்றிக் குழாய் டிக் டிக்கென்றது.
இருபத்துமூன்றாவதில் அவள் சொன்னாள்,
"இடதுகைக் கையுறையை எடுக்கத் திரும்பிப் போனேன்."

கையுறை யாருக்கு வேண்டும், பழைய நான் என்றால்.
கையுறையிலிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் வந்தது,
வெளிச்சத்திலிருந்து ஒரு மணிக்கட்டு,
மணிக்கட்டில் கண்ணாடி விரிசல்விட்ட கடிகாரம்.
நடுவில் அழுதாள். தண்ணீரை நகர்த்தி வைத்தேன்.
கேட்டேன் நான், கேட்காமல்,
ஒரு மணி நேரம் பத்து நிமிஷம்.

யோஸ்டெய்னுக்கு இப்போது முப்பத்தேழு.
நார்விக்கில் லாரி ஓட்டுகிறானாம். எண் கிடைத்தது.
நிலையத்துக்குப் பின்னால், அணைத்த வண்டிக்குள்
ஒத்திகை பார்க்கிறேன்,
கண்ணாடியில் ஈரப் பனி வந்து அப்பிக்கொண்டேயிருக்க:
"உன்னைத் தொந்தரவு செய்வதற்கு மன்னித்துக்கொள்.
அன்றைக்கு நீ சொல்ல வந்தது,
சாவி உன் அண்ணனிடம் என்றுதா..."